உச்சிவேளையில் உட்காரச் சொன்னவர்

இந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது முதல்வர் ஐயாவின் ஸ்வெட்டரைத்தான். வெளியே தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிறது. உள்ளே ஐயா கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே, ஸ்வெட்டர் அணிந்து மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே! இந்த மண்டபத்துக்குக் கண்ணாடி கொடுத்தவரும், அந்தக் கண்ணாடிக்குத் திரை கொடுத்தவரும், இன்று சிறப்பு விருந்தினராக வந்திருப்பவருமான கண்ணாடி முதலாளி அவர்களே! கட்டடக்கலைப் பேராசிரியப் பெருமக்களே! பின்வரிசையில் நிற்கும் அண்ணன்களே, அக்காக்களே! முன்வரிசையில் அழுதுகொண்டிருக்கும் என் அம்மாவே! என் கையில் ஒரு சீட்டைத் திணித்து மேலே அனுப்பிய என் மாமாவே! எல்லோருக்கும் வணக்கம்.

மறைந்த பேராசிரியை, கட்டடத் தொழில்நுட்பத் துறையின் தலைவர், எனக்குப் பெரியம்மா. என் அம்மாவின் அக்கா.

மாமா கொடுத்த சீட்டில் இரண்டே வரிதான் இருக்கிறது. "எங்கள் குடும்பத்தின் சார்பில் அனைவருக்கும் நன்றி. வணக்கம்." அதைப் படித்துவிட்டு இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. படித்துவிட்டேன். ஏற்பாடு முடிந்தது.

ஆனால், கூட்டம் தொடங்கும் முன் நடைக்கூடத்தில் ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. "குடும்பத்துல யாரு சார் பேசுறாங்க?" என்று நிகழ்ச்சித் தொகுப்பாளர் கேட்டார். முதல்வர் ஐயா சொன்னார்: "அந்தச் சின்னப் பொண்ணுதான். பள்ளிக்கூடத்தையே பாதியில விட்டுட்டு வந்தது. வாயே திறக்காது. ரெண்டு வரி படிச்சிட்டு இறங்கிடும், நாம சாப்பாட்டுக்குப் போயிடலாம்."

ஐயா சொன்னது உண்மை. நான் வாயைத் திறக்காதவள்தான். வாயைத் திறக்காதவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு ஐயா. காது எப்போதும் திறந்தே இருக்கும்.

பெரியம்மாவைப் பற்றி இதுவரை பேசியவர்கள் எல்லோரையும் கேட்டேன். "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்றார் முதலில் வந்தவர். அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் வேறு எதுவும் இல்லாததால் அவரும் அதையே சொன்னார். "அமைதியே உருவானவர்" என்றார் கண்ணாடி முதலாளி. அமைதியா! என் பெரியம்மாவா! அவர் கல்லூரிப் பட்டறையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் கூரையில் இருக்கும் புறாக்கள் எழுந்து நூலகத்துப் பக்கம் போய்விடுமே! முதலாளி வேறு யாருடைய இரங்கல் கூட்டத்துக்கோ வழி தவறி வந்துவிட்டாரோ என்று நினைத்து, நானே ஒருமுறை திரும்பிப் படத்தைப் பார்த்துக்கொண்டேன்.

படமும் சரியில்லை. பட்டறை வாசலில் எடுத்த படம் அது. அசல் படத்தில் பெரியம்மா கையில் சாந்து பூசும் கொலுறு இருக்கும். முழங்கைவரை மண் இருக்கும். கொலுறைக் காணோம். மண்ணைக் காணோம். முகத்தையும் இரண்டு பூச்சு வெள்ளையடித்திருக்கிறீர்கள். சுவருக்கு வெள்ளையடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செத்தவருக்கு வெள்ளையடிப்பவர்களை இன்றுதான் பார்க்கிறேன்.

பெரியோர்களே! நீங்கள் துடைத்துவிட்ட அந்த மண்ணைப் பற்றிப் பேசத்தான் நான் நிற்கிறேன்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் உட்காரம்மா. மேடையில் யாரும் அதைச் சொல்லவில்லை. மரியாதைக் குறைவாம். அவருக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதை அவரே ஒருநாள் சாப்பிடும்போது எங்களுக்குச் சொன்னார்.

இளம் வயதில் அவரும் பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை வரைந்தார். பரிசு கிடைத்தது. பத்திரிகையில் படம் வந்தது. ஒரு கோடையில், மொட்டைமாடியிலிருந்து இன்னும் அழகாக ஒரு படம் எடுக்கலாம் என்று கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போயிருக்கிறார். மேல்மாடியில் ஒரு வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஒரு பெண் ஈரத் துணியைப் பிழிந்து கைக்குழந்தையின் முதுகில் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரும்மா நீங்க?"

"இந்தக் கட்டடத்தை வரைஞ்சது நான்தான்."

"அட, நீங்கதானா! வாங்க வாங்க. உட்காருங்க."

கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பெரியம்மா எழுந்தார். "என்ன அவசரம்? இப்பதானே வெயில் உச்சிக்கு வருது. உட்காருங்க." மறுபடி எழுந்தார். "நீங்க கட்டின வீடு, உங்களுக்கு இல்லாத உரிமையா? உட்காருங்க." தலைக்கு மேலே கான்கிரீட், தோசைக்கல் மாதிரி. சன்னல் இருந்தது, காற்று வராத பக்கமாக. பத்திரிகைப் படத்தில் அது மிக அழகாக விழுந்த சன்னல். வெயில் சாய்ந்த பிறகுதான் அந்தப் பெண் வாசல்வரை வந்து வழியனுப்பினார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அடிக்கடி வாங்கம்மா. நாங்க இங்கதான் இருப்போம். வேற எங்க போறது?" என்றாராம்.

படி இறங்கும்போது சேலை முதுகோடு ஒட்டியிருந்தது, கேமராவைத் தொடவே இல்லை என்றார் பெரியம்மா. நிறுவனத்தை விட்டு இந்தக் கல்லூரிக்கு வந்தது அதன் பிறகுதான். வந்ததும் ஒரு விதி வைத்தார். வீடு வரைந்த மாணவர், அதில் ஓர் அறையின் அளவுக்காவது நிஜமாகக் கட்ட வேண்டும். கட்டி, வெயில் உச்சியில் இருக்கும்போது, விசிறி இல்லாமல் அதற்குள் உட்கார வேண்டும். உட்கார்ந்து எழுந்தால்தான் மதிப்பெண். அதுதான் உச்சிவேளைத் தேர்வு.

இந்தக் கல்லூரிக்கு அது பிடிக்குமா? படம் வரைந்தால் போதும், கட்டடம் தானாக எழும் என்று நம்புகிறவர்கள் நிறைந்த இடம் அல்லவா இது!

புதிய தொழில்நுட்பத்தை இந்தக் கல்லூரிக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைப் புகழ்ந்தீர்கள். ஆமாம், கொண்டுவந்தார். எதை மீறிக் கொண்டுவந்தார் என்பதைச் சொன்னீர்களா? சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் கட்டுவது எப்படி என்ற பாடத்தைக் கடைசி ஆண்டின் கடைசிப் பருவத்தில், விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தீர்கள். எல்லாவற்றையும் வரைந்து முடித்த பிறகு! சாப்பிட்டுக் கை கழுவியவனுக்கு உப்பு பரிமாறுகிற மாதிரி! முதல் ஆண்டுக்கு அதை மாற்றச் சொல்லி அவர் கேட்டபோது இந்த மேடையில் இருக்கும் ஒருவர் சொன்னார்: "முதல் வருஷப் பசங்களுக்கு எதுக்கு மேடம் அதெல்லாம்? முதல்ல கட்டடம் வரையக் கத்துக்கட்டும்." பெரியம்மா கேட்டார்: "அப்ப கடைசி வருஷம் வரைக்கும் அவங்க வரையிறது என்ன சார்?"

சுவர் அச்சிடும் இயந்திரத்தின் கதையையும் கேளுங்கள். கணினியில் வரைந்த சுவரை, மண்ணைக் குழைத்து ஊற்றினால், பற்பசை பிதுக்குவதுபோல் வரிவரியாகப் பிதுக்கி எழுப்பும் இயந்திரம் அது. ஆய்வுக்குழு வருகிறது என்று அதை வாங்கினார்கள். குழு வந்தது. மாணவர்களுக்குத் தலைக்கவசம் மாட்டி, இயந்திரத்தைச் சுற்றி நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். குழு போனது. தலைக்கவசத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இயந்திரத்தின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை. அதன்மேல் பழைய விடைத்தாள் பெட்டிகளை அடுக்கினார்கள்.

பெரியம்மா போய்ச் சாவி கேட்டார். கிடங்கு அலுவலர் பதறிவிட்டார். "மேடம், அதைப் பிரிச்சா அழுக்காயிடும்."

"ஏங்க, இது மிஷினா, இல்ல பொண்ணு வீட்டுச் சீரா? பிரிக்காம வச்சு ஊருக்குக் காட்டிட்டே இருக்கீங்க?"

பிரித்தார். முதல் சுவர் இடுப்பு உயரம் வந்ததும் தள்ளாடியது. பிறகு அப்படியே முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டது. மண்ணில் தண்ணீர் அதிகம். மாணவர்கள் சிரித்தார்கள். முதல்வர் ஐயா ஓடிவந்து, சுவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "மேடம், டைல்ஸ்!" என்றார். பெரியம்மா மாணவர்களைப் பார்த்துச் சொன்னார்: "சிரிங்க. நல்லா சிரிங்க. காகிதத்துல கட்டினது விழாது. அதனாலதான் காகிதத்துல கட்டுறவங்களுக்குப் புத்தியும் வராது." அதை அவர் மாணவர்களைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் சத்தமாகச் சொன்னார்.

நான் எப்படி அங்கே போனேன் என்று சிலர் நினைக்கலாம். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். "இவளை என்னக்கா பண்றது? நாள் பூரா வீட்டுல சும்மாவே உட்கார்ந்திருக்கா" என்று அம்மா அழுதார். பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா உட்காரத் தெரியுமா? அப்ப நாளைக்கே அனுப்பு."

அதுதான் என் வேலை. மாணவர்கள் கட்டும் அறைகளில் நான் உட்காருவேன். அவர்கள் என் சட்டைக் காலரிலும் மணிக்கட்டிலும் சூட்டை அளக்கும் சிறு சென்சார்களை ஒட்டுவார்கள். "பொம்மை வந்துட்டா" என்பார்கள். எனக்குக் கோபமில்லை, பொம்மையிடம் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கடைசியில் பெரியம்மா மட்டும் ஒன்று கேட்பார்: "என்னடி?" நான் "இருக்கலாம்" என்பேன். அல்லது "இருக்க முடியாது" என்பேன். அவ்வளவுதான். "சூடு எவ்வளவுன்னு சென்சார் சொல்லும். சூடு எப்படின்னு இவ சொல்லுவா. எனக்கு ரெண்டும் வேணும்" என்பார் அவர். இயந்திரத்தைத் திட்டுகிறவர்களையும் அவருக்குப் பிடிக்காது, இயந்திரத்தைக் கும்பிடுகிறவர்களையும் பிடிக்காது. முதல் வகையினருக்குச் சோம்பல், இரண்டாம் வகையினருக்குப் பயம் என்பார். உங்களில் யார் யார் எந்த வகை என்றும் வீட்டில் சொல்லியிருக்கிறார். இங்கே சொன்னால் சாப்பாட்டுக்கு நேரமாகிவிடும்.

இப்போது இந்த மண்டபத்துக்கு வருகிறேன்.

இந்த மண்டபத்தை வரைந்தவர் நம் முதல்வர் ஐயா. வாசலில் பசுமைக் கட்டடச் சான்றிதழ் தங்க நிறத் தகட்டில் பளபளக்கிறது. மண்டபம் எழும்புவதற்கு முன்பே, படத்தைப் பார்த்தே கொடுத்த சான்றிதழ். பிள்ளை பிறக்குமுன் நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்த மாதிரி! படத்தில் என்ன இருந்தது? இயற்கை வெளிச்சத்துக்குக் கண்ணாடிச் சுவர் இருந்தது. நல்லது. கண்ணாடி வழியாக வெயிலும் வந்தது. கண்ணாடிக்குப் படிப்பு இல்லை பாருங்கள், வெளிச்சத்தை மட்டும் விடு என்றால் அதற்குப் புரியவில்லை. வெயில் வருகிறது என்று திரை போட்டீர்கள். திரை போட்டதால் இருட்டிவிட்டது என்று விளக்குப் போட்டீர்கள். பட்டப்பகலில், அதோ, வரிசையாக எரிகின்றன. புழுங்குகிறது என்று ஏசி வைத்தீர்கள். ஏசி குளிர்கிறது என்று ஐயா ஸ்வெட்டர் போட்டிருக்கிறார். இதற்கு மேல் போட இனி என்ன இருக்கிறது ஐயா? கம்பளியா?

இந்த மண்டபத்துக்குக் கடைக்கால் தோண்டியபோது எடுத்த மண்ணை லாரியில் ஏற்றி எங்கேயோ கொட்டப் போனார்கள். பெரியம்மா லாரிக்கு முன்னால் போய் நின்றார். "இதை எங்க கொண்டு போறீங்க?" "குப்பைம்மா, கொட்டப் போறோம்." "அந்தக் குப்பையைப் பட்டறைக்குப் பின்னால கொட்டிட்டுப் போங்க." சலித்தார்கள். சுண்ணாம்பு கலந்தார்கள். தண்ணீரைக் குறைத்தார்கள். மறுபடி விழுந்தது. மறுபடி குழைத்தார்கள். அந்த இயந்திரம் வரிவரியாகச் சுவர் எழுப்பியது. கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுத்துக் கழித்துப்போட்ட பலகைகள் கூரைக்குப் போயின. அதுதான் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் மண் அறை. இந்த மண்டபமும் அந்த அறையும் ஒரே குழியில் பிறந்தவை. ஒன்று படித்தது, ஒன்று படிக்காதது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறை முடிந்ததும் நான் உட்கார்ந்தேன். அறையைக் கட்டிய மாணவர்களில் ஒருவரான குட்டைமுடி அக்கா கணினியில் காற்றோட்டத்தை ஓட்டிக் காட்டினார். திரை முழுக்க நீல அம்புகள். ஒரு சன்னலில் நுழைந்து மறு சன்னலில் குளுகுளுவென்று வெளியேறின. எனக்குக் கழுத்தில் வியர்வை வழிந்தது.

"என்னடி?"

"இருக்க முடியாது."

"அம்மா, சாஃப்ட்வேர்ல எல்லாம் நீலமாத்தான் ஓடுது!" என்றார் அக்கா, அழாத குறையாக.

"அம்பு நீலமா ஓடுது, சரி. இவ கழுத்துல ஓடுறது என்ன?"

தேடினார்கள். மென்பொருள் சரிதான். அறையும் சரிதான். கணினிக்குள் மண் அறையைக் கட்டினார்கள், மரத்தை நட்டார்கள், காற்றை அனுப்பினார்கள். பக்கத்தில் இருக்கும் இந்த மண்டபத்தின் ஏசிகள் வெளியே கக்கும் சூட்டை மட்டும் யாரும் உள்ளே போடவில்லை. அத்தனை பெட்டிகளும் அந்த அறையின் சன்னலைப் பார்த்துத்தான் ஊதுகின்றன! படத்தில் அந்தப் பெட்டிகள் இல்லவே இல்லை. ஏன் இல்லை? படம் அழகாக இருக்காது என்று முதல்வர் ஐயா அவற்றை வரையவில்லை. படத்தில் இல்லாதது மாணவர்களின் கணினியிலும் இல்லை. ஆனால் என் கழுத்தில் இருந்தது.

பெரியோர்களே! இந்தக் குளிரை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று எப்போதாவது யோசித்தீர்களா? உங்கள் வீட்டைப் பெருக்கிக் குப்பையை அடுத்த வாசலில் தள்ளினால் அதற்குப் பெயர் சுத்தமா?

"பெட்டிகளை இடம் மாத்துங்க சார்" என்று பெரியம்மா கேட்டார். "அது டிசைன்லயே இல்லையே மேடம், எப்படி மாத்துறது?" என்றார் ஐயா. இந்தப் பதிலைப் பெரியம்மா பலநாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு குட்டைமுடி அக்காவும் மற்றவர்களும் சூட்டையும் கணினியில் போட்டு, சன்னலை மறுபக்கம் திருப்பி, சூட்டைத் தடுக்கக் குறுக்கே ஒரு தட்டிச்சுவர் எழுப்பி, மேலே வெப்பம் வெளியேற ஓட்டை விட்டார்கள். நான் மறுபடி உட்கார்ந்தேன். "இருக்கலாம்" என்றேன். பட்டறையில் அன்றைக்குப் போட்ட கூச்சலில் புறாக்கள் சாயங்காலம்வரை திரும்பி வரவில்லை.

அப்புறம் பெரியம்மா முதல்வர் ஐயாவிடம் போனார். "பசங்க எல்லாரும் உட்கார்ந்துட்டாங்க சார். நானும் உட்கார்ந்துட்டேன். இனி நீங்கதான். உங்க மண்டபத்துல, ஏசியை நிறுத்திட்டு, ஒரு உச்சிவேளை."

"இன்னைக்கு நிர்வாகக் கூட்டம் மேடம்."

அடுத்த வாரம் போனார். "தொண்டை கட்டியிருக்கு மேடம்." "தொண்டை கட்டினவருக்குச் சூடு நல்லதுதானே சார்?"

அதற்கடுத்த வாரம் போனார். "மேடம், இது சான்றிதழ் வாங்கின கட்டடம்." "அப்ப சான்றிதழை ஒரு நாற்காலியில உட்கார வைங்க சார். பக்கத்துல நீங்களும் உட்காருங்க."

அதன் பிறகு ஐயா அவரைப் பார்த்தால் வேறு படிக்கட்டில் இறங்கினார். அது எங்களுக்குத் தெரியும். அந்தப் படிக்கட்டுக்குக் கீழேதான் நான் உட்கார்ந்திருப்பேன்.

பெரியம்மாவுக்கு இதயம் பலவீனம் என்று தெரிந்ததும் மருத்துவமனையில் சேர்த்தோம். படுக்கையில் கிடந்துகொண்டே சன்னலைத் தள்ளிப் பார்த்தார். "இது திறக்காதா?" செவிலியர் அக்கா சிரித்தார். "ஃபுல் ஏசிம்மா." "கரண்ட் போனா?" "ஜெனரேட்டர் இருக்கும்மா." "அதுவும் போனா?" "அப்ப கடவுள்தாம்மா." "அவர் உள்ள வர்றதுக்கும் ஒரு ஜன்னல் வேணாமா?" என்றார் பெரியம்மா. இருவரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் அழுதார்.

அன்று மாலை அம்மா மருந்து வாங்கப் போயிருந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். உபதேசம் எதுவும் சொல்லவில்லை. சொத்து பத்து பேசவில்லை. கோபமாகத்தான் சொன்னார்: "எல்லாரையும் உட்கார வச்சிட்டேன்டி. அந்த ஆளை மட்டும் உட்கார வைக்க முடியலை." பிறகு தூங்கினார். எழுந்திருக்கவில்லை.

இதைச் சொல்லவும் நான் இன்று வரவில்லை. நன்றி சொல்லத்தான் வந்தேன். சீட்டைப் படித்ததோடு இறங்கியும் இருப்பேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய முதல்வர் ஐயா ஓர் அறிவிப்புச் செய்தார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். பின்வரிசையும் தட்டியது. உங்களைத்தான் சொல்கிறேன், அண்ணன்களே! எதற்குத் தட்டினீர்கள் என்று தெரியுமா?

"அம்மையார் நேசித்த அதே இடத்தில், அம்மையார் பெயரில், முழுவதும் கண்ணாடியால் ஆன நினைவு மண்டபம்! திங்கட்கிழமை பணி தொடங்கும்!" என்றார் ஐயா. அதே இடம் எது? பட்டறைக்குப் பின்னால். அங்கே இப்போது என்ன இருக்கிறது? மண் அறை இருக்கிறது. அதை இடித்துவிட்டுத்தானே கட்ட முடியும்? அவர் கட்டியதை இடித்து அவருக்கே நினைவு மண்டபம்! உயிரோடு இருந்தபோது வேறு படிக்கட்டில் இறங்கியவர்கள், செத்த பிறகு அவர் பெயர்மேல் ஏறி நிற்கப் பார்க்கிறீர்கள். கண்ணாடி யார் கொடுக்கிறார்கள்? நான் கேட்கவே வேண்டாம்; முதலாளி அவர்கள்தான் எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார்.

இன்னொன்றையும் ஐயா சொன்னார். "அம்மையாரின் உச்சிவேளைத் தேர்வைக் காலத்துக்கேற்ப நவீனப்படுத்துகிறோம். அடுத்த ஆண்டு முதல் அது இணையவழியில் நடக்கும்." இணையவழியிலா! வெயிலையா! மாணவர் வீட்டில் ஏசி போட்டுக்கொண்டு திரையில் சூட்டைப் பார்ப்பாரா? அந்த மேல்மாடிப் பெண்ணின் குழந்தைக்கும் ஈரத் துணியை இணையவழியில் அனுப்பிவிடுவீர்களா?

இதற்குப் பெயர் புதிய தொழில்நுட்பம் இல்லை ஐயா. பிரிக்காத உறைக்கு மேல் இன்னோர் உறை.

என் பெரியம்மாவுக்கு நினைவு மண்டபம் வேண்டாம். சிலை வேண்டாம். விருதுக்கு அவர் பெயர் வைக்க வேண்டாம். அவர் குடும்பத்தின் சார்பில் சொல்கிறேன். மாமா, நீங்கள் தலையைக் குனிய வேண்டாம், நான் பொறுப்பு. மண் அறை இருக்க வேண்டும். உச்சிவேளைத் தேர்வு இருக்க வேண்டும். அந்த இயந்திரத்தின்மேல் மறுபடி யாரும் பெட்டி அடுக்கக் கூடாது. கேட்பது இவ்வளவுதான்.

நான் படிக்காதவள். மனு எழுதத் தெரியாது. ஊர்வலம் போகத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரே வேலை, உட்காருவது. திங்கட்கிழமை இடிக்கும் வண்டி வரும்போது நான் அந்த அறைக்குள் உட்கார்ந்திருப்பேன். செவ்வாய்க்கிழமையும் இருப்பேன். பேசமாட்டேன், கத்தமாட்டேன். என்னைத் திட்டினாலும் பதில் வராது. ஐயாவுக்கே தெரியும், வாயே திறக்காது. இதுதான் உட்காரம்மாவுக்கு நான் கொடுக்கும் உறுதிமொழி. கைதட்டிய அண்ணன்களே, அக்காக்களே, அறைக்குள் இன்னும் சிலருக்கு இடம் இருக்கிறது. குட்டைமுடி அக்கா அங்கே நின்று கண்ணைத் துடைப்பதை நான் பார்க்கிறேன். துடைத்தது போதும் அக்கா, நாற்காலி கொண்டு வாருங்கள்.

முதல்வர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

வயதானவர்கள், குழந்தைகளோடு வந்தவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள் தயவுசெய்து எழுந்து பின்வாசல் வழியாகப் போங்கள். பட்டறையைச் சுற்றிப் போனால் மண் அறை. கதவு திறந்திருக்கிறது. தண்ணீர்ப் பானை எப்போதும் அங்கே இருக்கும். அங்கே இருக்கலாம். அம்மா, நீங்களும் போங்கள். மாமா, அம்மாவைக் கூட்டிப் போங்கள்.

மேடையில் இருக்கும் பெரியவர்கள் எழ வேண்டாம். என்ன அவசரம்? நீங்கள் வரைந்த மண்டபம், நீங்கள் கொடுத்த கண்ணாடி. உங்களுக்கு இல்லாத உரிமையா? ஸ்வெட்டரை வேண்டுமானால் கழற்றிக்கொள்ளுங்கள் ஐயா. உட்காருங்கள்.

ஏசி சுவிட்சு இந்த ஒலிவாங்கிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நிறுத்திவிட்டேன். இதோ, ஒரு நாற்காலியை இழுத்து ஐயாவுக்கு எதிரே போட்டு, நானும் உட்காருகிறேன்.